அமுதசுரபியும் அரசன் கருவூலமும்

(தில்லியில் தமிழ் அன்பர்கள் கூடிய வாராந்திர சத்சங்கத்தில் ஆற்றிய உரை)



சென்ற வாரம் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கூறப்படும் மூவகைத் தானங்களைப் பற்றிப் பேசி முடித்த வேளையில், முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அன்பர் எழுந்து ஒரு வினாவை எழுப்பினார். மத்திய அரசின் கணக்குத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். "சுவாமி, சம்பளம் என் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஓய்வூதியத்திலும் பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தில்தானே ஏழைக்கு அரிசியும் கோதுமையும் போகின்றன? என் பங்கை நான் கொடுத்துவிட்டேன். அதற்கு மேலும் தானம் செய் என்று சாஸ்திரம் என்னை ஏன் வற்புறுத்த வேண்டும்?" என்றார்.

அவர் அமர்வதற்குள், குருகிராமில் சிறு நிறுவனம் ஒன்றை நடத்திவரும் இளைஞர் எழுந்துவிட்டார். "எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது, சுவாமி. வரி என்பது வலிந்து வாங்குவது. வலிந்து வாங்கியதில் கொடுத்தவனுக்குப் புண்ணியம் ஏது? அரசு வரியைக் குறைத்து அந்தப் பணத்தை எங்கள் கையில் விட்டுவைத்தால், நாங்களே மனமுவந்து ஏழைகளுக்குச் செய்வோமே!"

சபையில் பலர் தலையசைத்தார்கள்; யாருடைய கட்சிக்காக என்பது எனக்கு விளங்கவில்லை. பிரசாதம் வேறு ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பேசுவோம் என்று கூறி எழுந்துவிட்டேன். அந்தக் கடனை இன்று தீர்க்க வேண்டும்.

இருவர் கேட்டவையும் வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும், அடியில் இருப்பது ஒன்றே. பசித்தவனுக்கும் எனக்கும் என்ன உறவு? அந்த உறவை அரசாங்கத்தின் வாயிலாகத் தீர்த்துக்கொள்ளலாமா, அல்லது நானே நேரில் நிற்க வேண்டுமா? இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இந்தத் தலைநகரிலேயே, கன்னாட் பிளேஸிலிருந்து நடந்து போகும் தொலைவில், குருத்வாரா பங்களா சாஹிப் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

அந்த இடம் ஒரு காலத்தில் ஆம்பேர் மன்னர் ராஜா ஜெய்சிங்கின் மாளிகையாக இருந்தது. 1664ஆம் ஆண்டில் சீக்கியர்களின் எட்டாவது குருவான ஹர்கிருஷண் அங்கே தங்கினார். அவருக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை. தில்லியில் அம்மையும் வாந்திபேதியும் பரவிய காலம் அது. அந்தப் பாலகர் நோயுற்றவர்களுக்கு அங்கிருந்த கிணற்று நீரைத் தம் கையால் வழங்கி ஆறுதல் அளித்தார் என்றும், பின்னர் அதே அம்மை நோய்க்குத் தாமும் ஆளாகி அவ்வாண்டிலேயே உடலை நீத்தார் என்றும் சீக்கிய மரபு போற்றுகிறது. இன்று அங்கே நாள்தோறும் பல்லாயிரம் பேர் தரையில் வரிசையாக அமர்ந்து உண்கிறார்கள். உங்களில் பலர் அந்தப் பந்தியில் அமர்ந்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் நீதிபதியா, ரிக்ஷா ஓட்டுபவரா என்று யாரும் கேட்பதில்லை. ரொட்டியை இரு கைகளாலும் ஏந்தி வாங்கவேண்டும் என்பது வழக்கம். அதை நீதிபதியும் செய்தாக வேண்டும். வருவாயில் பத்தில் ஒரு பங்கை அறத்திற்கு ஒதுக்க வேண்டும் என்ற 'தஸ்வந்த்' நெறியும், காய்கறி நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் தாமே முன்வரும் கைகளும் சேர்ந்து அந்த அடுக்களையை நடத்துகின்றன. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழியின்றி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் திரண்டு நின்ற அந்த மார்ச் மாத இறுதியை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் இந்நகரத்தின் குருத்வாராக்களிலிருந்து வண்டி வண்டியாக உணவு சென்றது. குடும்ப அட்டை உண்டா என்று அந்த வண்டிகளில் யாரும் கேட்கவில்லை.

"பார்த்தீர்களா, சுவாமியே நம் பக்கம்" என்று இளைஞர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், நம் அன்பர்கள் சிலரோடு நானும் கம்பளி வழங்கச் சென்றேன். இந்நகரத்தின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் வெளியே நடைபாதையில் நூற்றுக்கணக்கானோர் உறங்குவார்கள். இரவு பதினொரு மணி. மூடுபனி. நாங்கள் ஒவ்வொருவராக எழுப்பிக் கம்பளியைக் கொடுத்தோம். நம்மோடு வந்த ஓர் அன்பர் புகைப்படம் எடுத்தார். நானும் தடுக்கவில்லை, சற்று நேராகவே நின்றுகொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பீகாரிலிருந்து மனைவியின் சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு முதியவர் கம்பளியை வாங்கிக்கொள்ளாமல் கைகூப்பினார். "மகராஜ், நேற்றும் ஒருவர் கொடுத்தார். முந்தாநாளும் ஒருவர் கொடுத்தார். பகலில் இவற்றையெல்லாம் நான் எங்கே வைப்பேன்? தலைக்கு மேல் ஒரு தகரம் இருந்தால் போதும்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கம்பளி தருவது எளிது. ஐந்நூறு ரூபாயும் ஒரு மாலைப்பொழுதும் போதும். ஆனால் நகரின் நடுவே ஒரு கூரையை எழுப்ப நிலம் வேண்டும், அனுமதி வேண்டும், காவலாளுக்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும், அடுத்த மார்கழியிலும் அதற்கடுத்த மார்கழியிலும் அது அங்கேயே நிற்க வேண்டும். எல்லோரும் அறிந்த மருத்துவமனை வாசலில் மூன்று கம்பளிகள் குவிகின்றன. யாரும் அறியாத ஒரு மேம்பாலத்தின் அடியில் ஒன்றும் இல்லை. தானம் கண்ணில் பட்ட இடத்திற்கே போகிறது. அதன் அழகும் அதுதான், குறையும் அதுதான். 2010ஆம் ஆண்டு ஜனவரிக் குளிரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வீடற்றோருக்கு இரவுத் தங்குமிடங்கள் அமைக்க ஆணையிட்டது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும் என்ற அளவும் அப்போது வகுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இங்கே நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியமும் அமைந்தது. போதுமான அளவு இன்றும் இல்லை. இருக்கும் இடங்களும் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். எனினும் அந்த முதியவர் கேட்ட தகரம் வரிப்பணத்தால்தான் வர முடியும்.

உணவின் கணக்கையும் பாருங்கள். கணக்குத் துறை அன்பர் திருத்தலாம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தில்லியில் ஏறத்தாழ 72 லட்சம் பேருக்குத் தானியம் பெறும் உரிமை வகுக்கப்பட்டுள்ளது. ஒருவருக்கு மாதம் ஐந்து கிலோ என்று கொண்டாலே 3 கோடியே 60 லட்சம் கிலோ. இது ஒரு மாதத்திற்கு, ஒரு நகரத்திற்கு. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றியே வழங்கப்படுகிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 80 கோடி பேர். எத்தனை அன்னதானக் கூடங்களைச் சேர்த்தாலும் இந்த அளவை எட்டுவது அரிது. எட்டினாலும், கொடுப்பவர்களின் தொழில் நொடித்த ஆண்டில், அதாவது பசி மிகுந்த அதே ஆண்டில், அடுப்பு தணிந்துவிடும்.

நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஆனால் தொடங்கிப் பத்தாண்டு நிறைவதற்குள் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தத் தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டார்கள். கருணையுள்ள மனிதர்கள் அப்போது இல்லாமல் போகவில்லை. கருவூலத்தை வைத்திருந்த அரசுதான் தன் கையை இறுக்கிக்கொண்டது. நிவாரண வேலைக்கு வந்த கூலியாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வரையறுத்தார். ஒரு வடலூர் பசியாற்றிக்கொண்டிருக்க, ஒரு மாகாணம் பட்டினி கிடந்தது.

மற்றொரு வரலாறு சற்று மகிழ்ச்சி தருவது. 1956ஆம் ஆண்டில் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய பள்ளி மதிய உணவு, முதலில் பொதுமக்களின் நன்கொடையையே நம்பித் தொடங்கப்பட்டது. ஊரார் அரிசி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள். பிறகு அரசு தன் பங்கைச் சேர்த்தது. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2001ஆம் ஆண்டில், ராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் வாட, அரசின் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்த முரணைச் சுட்டி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று இதே தில்லியில் நீதிமன்றம் ஆணையிட்டது. எங்கோ ஓர் ஊரில் ஒரு தாய் போட்ட கைப்பிடி அரிசி, நாட்டின் சட்டமாக முளைத்தது. நன்கொடை முதலில் வழி காட்டியது. வரி அந்த வழியைச் சாலையாக்கியது. எது உயர்ந்தது என்று இங்கே எப்படிப் பிரிப்பது?

இந்த இரண்டையும் ஒருங்கே கண்ட காவியம் நம் தமிழில் இருக்கிறது. மணிமேகலையின் கையில் இருந்தது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. ஆனால் அது கிடைத்தவுடன் அவள் நேரே சென்று உணவளிக்கத் தொடங்கவில்லை. முதல் பிச்சையை ஆதிரை என்ற இல்லறத்தாள் கையால் ஏற்க வேண்டும் என்று காயசண்டிகை அவளுக்குச் சொல்கிறாள். தெய்வம் தந்த பாத்திரமாயினும், ஒரு வீட்டுப் பெண்மணி தன் கையால் மனமுவந்து இட்ட பின்னரே அது சுரந்தது. இது ஒரு பக்கம். பிறகு மணிமேகலை சிறைக்கோட்டத்தில் பசித்துக் கிடந்தோருக்கும் உணவளிக்கிறாள். செய்தி அறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். குறையாத பாத்திரம் கையில் உள்ளவளுக்கு அரசனிடம் கேட்க என்ன இருக்கிறது? ஆனாலும் கேட்கிறாள்: அந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வேண்டும் என்று. அமுதசுரபி சோற்றைத் தரும். சிறைக்கதவைத் திறக்க அதனால் ஆகாது. அதற்கு அரச ஆணை வேண்டும்.

அதே பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் கதையை நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு. பஞ்ச காலத்தில் அவன் எல்லோருக்கும் உணவளித்தான். பின்னர் இந்திரனால் மழை பெய்து நாடு செழித்தது. உண்பதற்கு யாரும் வரவில்லை. ஊர் ஊராகத் தேடிப் போகிறான். பசித்தவர் எவரும் இல்லை. அவன் மகிழவில்லை, வருந்துகிறான். இறுதியில் மணிபல்லவத்தில் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறான். கருணையே வடிவான அந்த மகானுக்கே, பசித்தவர் இல்லாத உலகில் தன் வாழ்வுக்குப் பொருள் இல்லாமல் போயிற்று. அப்படியானால் நம் கதி என்ன? நாளைக் காலையில் தில்லியில் ஒரே ஓர் ஏழையும் இல்லை என்று செய்தித்தாளில் வந்தால், கம்பளி மூட்டையோடு நிற்கும் நான் மகிழ்வேனா? புகைப்படத்திற்கு நேராக நின்ற என்னை எண்ணி இந்தக் கேள்வியை நான் எனக்கே போட்டுக்கொள்கிறேன். கொடுப்பவனின் அகங்காரம் மிக நுண்ணியது. உபநிடத ஆசான் கல்வி முடித்த மாணவனை இல்லறத்திற்கு வழியனுப்பும்போது, கொடுப்பவனுக்கு உரிய மனநிலைகளுள் நாணத்தையும் ஒன்றாக வைத்தது இதனால்தான் போலும்.

இப்போது கணக்குத் துறை அன்பரிடம் வருகிறேன். ஐயா, சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொண்டார்கள் என்று வருந்தினீர்கள். யோசித்துப் பார்த்தால், தாங்கள் அறியாமலே அது ஒரு குப்த தானம். வாங்கியவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. கொடுத்தவர் யார் என்று அவருக்கும் தெரியாது. உங்கள் முன் அவர் தலைகுனிய வேண்டியதில்லை. நன்றி சொல்ல வேண்டியதில்லை. சொல்லப் போனால், அதில் அவருடைய பணமும் கலந்திருக்கிறது. நடைபாதையில் உறங்குபவரும் சோப்பு வாங்குகிறார், செருப்பு வாங்குகிறார்; ஒவ்வொன்றிலும் ஜி.எஸ்.டி. செலுத்துகிறார். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் பிச்சைக்காரர் அல்லர், பங்குதாரர்.

ஆயினும், 'என் பங்கைக் கொடுத்துவிட்டேன்' என்றீர்களே, அந்தச் சொல்லில்தான் எனக்குத் தயக்கம். நம் முன்னோர் மனிதனைக் கடன்களோடு பிறப்பவனாகக் கண்டார்கள். தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, முன்னோர்களுக்கு, உடன்வாழும் மனிதர்களுக்கு. அர்த்தசாஸ்திரம் குழந்தைகளையும் முதியோரையும் ஆதரவற்றோரையும் பேணுவதை அரசனின் கடமையாக்குகிறது. அதற்கென்றே அவனுக்கு விளைச்சலில் ஒரு பங்கு. ஆகவே வரி என்பது கடனைத் திருப்பித் தருவது. நீங்கள் படித்த பள்ளி, நடந்த சாலை, பணியாற்றிய அலுவலகம் எல்லாம் யாரோ கட்டிய வரி. கடனை அடைத்தவன் நாணயமானவன். ஆனால் வங்கிக்குத் தவணை கட்டிய ரசீதைக் காட்டி, நான் கொடையாளி என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை அல்லவா?

இளைஞருக்கு இதன் மறுபக்கம். கடனை அடைக்காமல் கொடை செய்பவனை என்னவென்று சொல்வது? சில ஆண்டுகளுக்கு முன் வணிகர் ஒருவர் ஒரு பையோடு வந்தார். ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்ய வேண்டும், ரசீது வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றார். பெயர் வேண்டாம் என்றதும் நான் நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் புரிந்தது, அவர் மறைத்தது தம் பெயரை அல்ல, வருவாயை. அந்தப் பையில் இருந்தது ரேஷன் கடைக்குப் போக வேண்டிய கோதுமை. பையைத் திருப்பித் தந்தேன். அவருக்குக் கோபம் வந்தது. அதன்பின் அவர் வரவில்லை. மனமுவந்து கொடுப்போம், வரியை மட்டும் குறையுங்கள் என்று நீங்கள் சொல்லும்போது, உங்கள் மனத்தூய்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் எல்லோருடைய மனமும் உவக்கும் வரை பசி காத்திருக்குமா? மேலும், வலிந்து வாங்கியதில் புண்ணியம் இல்லை என்பதும் முழு உண்மை அன்று. தொகையைச் சட்டம் தீர்மானிக்கலாம். அதை முணுமுணுத்துக் கட்டுவதா, வேள்வியில் ஆகுதி இடுவது போலக் கட்டுவதா என்பதைச் சட்டம் தீர்மானிக்க முடியாது. அந்த இடத்தில் நீங்கள் முற்றிலும் சுதந்திரர்.

தானமும் வரியும் ஒரே அடுக்களையில் மோதிக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, லங்கர் உணவுக்கு வரி இல்லை. ஆனால் அதற்கு வாங்கும் நெய்க்கும் சர்க்கரைக்கும் வரி விழுந்தது. எதிர்ப்பு எழுந்தது. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு 'சேவா போஜ் யோஜனா' என்ற திட்டத்தை அறிவித்து, இலவச உணவளிக்கும் அறநிலையங்கள் செலுத்திய மத்திய வரிப் பங்கைத் திருப்பித் தர முன்வந்தது. மாதம் ஐயாயிரம் பேருக்காவது உணவளித்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நோக்கம் நல்லதே. ஆனால் நாளைக்கு ஐம்பது பேருக்குக் கஞ்சி ஊற்றும் தெருமுனைக் கோயில் அந்த அளவுக்குள் வராது. அரசின் கண்ணுக்குப் பெரியதே தெரியும். அதன் இயல்பு அது. சீக்கிய மரபில் ஒரு செய்தி சொல்வார்கள். கோயிந்த்வாலில் மூன்றாவது குரு அமர்தாஸைக் காண வந்த அக்பர் சக்கரவர்த்தி, பந்தியில் எல்லோரோடும் அமர்ந்து உண்டார். மகிழ்ந்து, லங்கரின் செலவுக்காக நில வருவாயை எழுதித் தர முன்வந்தார். குரு அதை ஏற்கவில்லை; அன்றாடம் வரும் காணிக்கையே போதும் என்றிருந்துவிட்டார். கருவூலத்தின் பணம் வந்தால், மாவு பிசைய வரும் கைகள் குறைந்துவிடும் என்று எண்ணியிருப்பார் என்பது என் ஊகம்.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நம் அன்பர் ஒருவரின் வீட்டில் பாத்திரம் துலக்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். அறுபது வயது கடந்தவர். ஆயுள் முழுவதும் சாம்பலிலும் சோப்பு நீரிலும் தேய்ந்த விரல்கள். ரேஷன் கடையில் கருவியின் மேல் விரலை வைத்தால் ரேகை பதிவதில்லை. சட்டம் அவருக்கு உரிமையைத் தந்தது, உங்கள் வரி கோதுமையைத் தந்தது, லாரி அதைக் கடைவரை கொண்டுவந்து சேர்த்தது. கடைசி மூன்று அடியில் அது நின்றுவிட்டது. இரண்டு மாதம் வெறுங்கையோடு திரும்பினார். அவருக்கு ஒரு மூட்டை மாவு வாங்கித் தருவது எளிது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பிற்பகல் நேரம்: ஆதார் மையத்திற்கு உடன் சென்று, வரிசையில் நின்று, ரேகையைப் புதுப்பித்து, கண்பாவை வழியே அடையாளம் காட்டும் வழியைக் கேட்டறிந்து, படிவத்தை நிரப்பித் தர ஒருவர். அந்த வீட்டு அம்மையார் அலுவலகத்திற்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் சென்றார். மூன்றாம் மாதம் தானியம் வந்தது. ஆதிரையின் கை என்று நான் சொன்னது இதைத்தான்.

இன்று காலை உரைக்கு முன்பு கணக்குத் துறை அன்பர் என்னைச் சந்தித்தார். அந்தக் குடியிருப்பில் இதே நிலையில் இன்னும் பதினோரு பேர் இருப்பதாக விசாரித்து வந்திருக்கிறார். பெயர்களைத் தேதிவாரியாக எழுதியிருக்கிறார், பழக்கம் போகுமா? படிவங்களைத் தாமே நிரப்புவதாகக் கூறினார். வண்டிக்கு இளைஞரைக் கேட்டிருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே வாசலிலிருந்து புறப்படுகிறோம். வரக்கூடியவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிரசாதத்திற்குச் செல்லுங்கள். இந்த வாரமாவது அது சூடாக இருக்கட்டும்.